கொலையாளி பெரும்பாலும் அந்நியர் இல்லை

மேலே ஒருவர், பெண்கள் மீதான வன்முறை பெரும்பாலும் வெளியில், முன்பின் தெரியாத ஆட்களால்தான் நடக்கிறது, வீட்டுக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் கொலைக் கணக்கு நேர் எதிராக இருக்கிறது. 2023இல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர், அவர்களில் ஏறக்குறைய 51,100 பேரை, அதாவது 60 சதவீதத்தினரைக் கொன்றது கணவனோ துணைவரோ குடும்பத்தில் வேறொருவரோதான். கொல்லப்படும் ஆண்களில் இது வெறும் 12 சதவீதம் அளவுக்குத்தான்.

சட்டமும் நெடுங்காலம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும். மனைவியை வல்லுறவு செய்வது குற்றம் என்று இங்கிலாந்தில் 1991இலும் ஜெர்மனியில் 1997இலும்தான் ஆனது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஐ.நா. பெண்கள் அமைப்பும் ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் சேர்ந்து 2024 நவம்பரில் வெளியிட்ட பெண்கொலை அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லையா, சரி, முதல் சில பக்கங்களில் உள்ள சுருக்கத்தை மட்டும் பாருங்கள், இந்த எண்கள் அங்கேயே இருக்கின்றன.