செஞ்சியில் ஒன்றுமில்லையாம்

எங்கள் ஊர் செஞ்சிக்கு வந்துபோன ஒருவர் போட்ட அந்தக் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கு அனுப்பியவர்களை எண்ணி மாளவில்லை. எல்லாருக்கும் நன்றி, இரத்த அழுத்தம் நன்றாகவே ஏறியிருக்கிறது.

"செஞ்சிக்கு இரண்டு மணி நேரம் போதும். கோட்டையைத் தாண்டி இந்த ஊரில் வேறு ஒன்றுமில்லை." சொன்னவர் கையில் இளநீர், முதுகுக்குப் பின்னால் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால். கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியில் அவர் ஏறவில்லை. வெயில் அதிகமாம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையைச் சுற்றி முகாமிட்டுக் கிடந்தார். கடைசியில் கோட்டை கிடைத்தது, உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராம் கிடைக்கவில்லை. அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆன வேலையை இவர் இரண்டு மணி நேரத்தில் இளநீரோடு முடித்துவிட்டார். பாராட்டுகள்.

ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

ஊருக்கு வடக்கே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கிய இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், சமணர் வணங்கும் பெரியோர்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட சமண முனிவர் சந்திரநந்தி ஆசிரியருக்கு அங்கே கல்வெட்டு இருக்கிறது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. எனக்கு ஏழு வயதில் அப்பா சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து அங்கே கூட்டிப் போனார். "எண்ணு" என்றார். எண்ணினேன், இருபத்து மூன்று வந்தது. "மறுபடியும் எண்ணு." மறுபடியும் இருபத்து மூன்று. இருபத்து நான்கு வரும்வரை அவர் பாறை நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பெரிய படிப்பாளி இல்லை. அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். எண்ணிக்கை தவறினால் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஒன்றுமில்லையாம்!

சிங்கவரத்தில் படியேறிப் போனால் பல்லவர் குடைந்த குகைக்குள், மலைப்பாறையிலேயே செதுக்கிய அரங்கநாதர் படுத்திருக்கிறார். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா போருக்கு உத்தரவு கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது எங்கள் ஊர்க்கதை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, இருபத்திரண்டு வயதில் செத்தான் அந்தப் பையன். விழுப்புரம் போகும் வழியில் திரும்பினால் மண்டகப்பட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்லில் எழுதி வைத்த இடம். மாமல்லபுரத்துக்குப் போய் வாய் பிளக்கிறவர்கள் அதற்கு முந்தைய பாடம் எங்கே படிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டாமா? பல்லவர் குகைக்கோயில் இருக்கும் தளவானூர், ஏரிக்கரைக் குன்றின் மேல் பல்லவன் இராசசிம்மன் கோயில் கட்டிய பனமலை, தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர். இதெல்லாம் "வேறு ஒன்றுமில்லை" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. மறுநாளே அவர் புதுச்சேரிக் கடற்கரையில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். காந்தி சிலையைச் சுற்றி ஓங்கி நிற்கும் கல்தூண்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "என்ன ஒரு பிரெஞ்சு அழகு!" என்று எழுதியிருக்கிறார். ஐயா, அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை. எங்கள் ஊரில் இருந்தால் ஒன்றுமில்லை, கடற்காற்று பட்டால் அழகு.

இப்போது ஒவ்வொருவராக வருவீர்கள், தெரியும். "அது அவருடைய கருத்து" என்பீர்கள். சாப்பிடாத சாப்பாட்டுக்கு உப்பு போதவில்லை என்பது கருத்தா?

"கழிப்பறை சரியில்லை, நிழல் இல்லை, வழிகாட்டிப் பலகை இல்லை." சரி, ஒப்புக்கொள்கிறேன். திருநாதர்குன்றுக்கு வழி கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்? திருப்பதியில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், அங்கே கால் வலிக்கவில்லையா?

"அது மராட்டியர் கோட்டைதானே, உனக்கென்ன பெருமை?" 2025 ஜூலையில் யுனெஸ்கோ பன்னிரண்டு கோட்டைகளை மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். சிவாஜி இங்கே வந்தது 1677இல். அதற்கு முன் பீஜப்பூர்க்காரர்கள், அதற்கு முன் நாயக்கர்கள், எல்லாருக்கும் முன் இந்த ஊரை ஆண்ட கோன் வம்சத்தார். பின்னால் மொகலாயர், பிரெஞ்சு, ஆங்கிலேயர். எந்தப் பெயரை வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். மலை அங்கேயேதான் இருக்கிறது.

"கூட்டம் வந்தால் பாழாகிவிடும், விளம்பரம் செய்யாதே" என்று ஒரு நண்பர் காலையில் தொலைபேசியில் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராஜகிரிப் படியோரப் பாறைகளில் காதலர் பெயர்களைப் பார்த்தவன்தான் நானும். ஆனால் யாரும் வராததாலும் பாழாகிறதே.

உண்மையில் அந்த இளநீர்க்காரர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. காணொளியின் கீழே "சரியாகச் சொன்னீர்கள் அண்ணா, எங்கள் ஊர் சும்மா ஊர்தான்" என்று எழுதியிருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வரிகள்தான் இரவு தூங்க விடவில்லை. அவர்களில் இரண்டு பேர் என் தெருவைச் சேர்ந்தவர்கள். பள்ளியில் அவர்களை யாராவது மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்களா? எனக்கு நினைவு தெரிந்து எங்கள் பள்ளிச் சுற்றுலா என்றால் ஊட்டிதான். பௌர்ணமிதோறும் சென்னை உறவினர்கள் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். "உங்கள் ஊரில் தேநீர் குடித்தோம்" என்று சொல்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், எத்தனை வருடமாக!

நேற்று இரவு இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் மகள் எட்டிப் பார்த்து, "திருநாதர்குன்று எங்கே அப்பா இருக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. ஊட்டிக்கு இரண்டு முறை போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன் போகிறோம். சைக்கிள் இல்லை, வண்டியில்தான். வருகிறவர்கள் தண்ணீர் எடுத்து வாருங்கள். எத்தனை என்று அவளிடம் முன்கூட்டியே யாரும் சொல்லிவிடாதீர்கள்.