எல்லாம் பதினேழுக்குள்ளே

(மன்னார்குடிப் பக்கம் ஒரு சாலை. பாதி சாலையில் பஸ் போகிறது, மீதிப் பாதியில் சம்பா நெல் காய்கிறது. வெள்ளைச் சட்டை, கையில் அட்டை, பேனாவோடு ஒருவர் வந்து நிற்கிறார்.)

வந்தவர்: ஐயா வணக்கம். மொத்தம் எத்தனை இருக்கிறது?

பெரியவர்: வாங்க சார், வாங்க! பன்னிரண்டு நாளாக உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். 210 இருக்கிறது.

வந்தவர்: 210-ஆ! ஒரே குடும்பத்திலா?

பெரியவர்: கூட்டாகத்தான் சார். அண்ணன் பங்கும் இதில்தான். இன்னும் பத்துப் பதினைந்து கூடவே இருந்திருக்கும். கடைசி மழையில் சாய்ந்துவிட்டது.

வந்தவர்: அடப்பாவமே. அந்தப் பெயரையெல்லாம் எடுத்தாகிவிட்டதா?

பெரியவர்: பெயரா? மாட்டுக்குப் போட்டுவிட்டோம்.

வந்தவர்: (எச்சில் விழுங்குகிறார்) சரி... மிச்சமெல்லாம் வீட்டில்தானே?

பெரியவர்: வீட்டில் ஏது சார் இடம்? ராத்திரி தார்ப்பாய்க்கு அடியில். காலையில் திறந்து காலால் கிளறிவிடுவேன். இல்லாவிட்டால் சூடேறி நாற்றமெடுத்துவிடும்.

வந்தவர்: காலாலா! பெரிய குடும்பம் என்றால் கஷ்டம்தான். எல்லாம் 18-க்கு மேல்தானே?

பெரியவர்: ஐயையோ! 17-ஐத் தாண்டினாலே தள்ளிவிடுவார்களே சார்! பாடுபட்டு 16-க்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

வந்தவர்: கொண்டுவந்தீர்களா? 16 எப்படி ஐயா செல்லும்? 18 ஆகாமல் போடவே முடியாது.

பெரியவர்: யார் சொன்னது? 17-க்குள் இருந்தால்தான் போட முடியும். போன வாரம் வரைக்கும் 19 இருந்தது. அதனால்தான் வெயிலில் போட்டு இறக்கினேன்.

வந்தவர்: (அட்டையில் எழுதியதை அடிக்கிறார்) வயதை... வெயிலில்... இருக்கட்டும். போன தடவை எங்களுக்குத்தானே போட்டீர்கள்?

பெரியவர்: உங்களுக்குத்தான். இரண்டு தடவை நன்றாகத் தூற்றிவிட்டுத்தான் போட்டேன்.

வந்தவர்: எங்களைத் தூற்றிவிட்டா!

பெரியவர்: தூற்றாமல் போட்டால் பதர் இருக்கிறது என்று சொல்வீர்களே. காற்று அடிக்கிற பக்கமெல்லாம் பறக்கும் பாருங்கள், அதெல்லாம் பதர்.

(வந்தவர் மூன்று கட்சி மாறியவர். பேச்சை மாற்றுகிறார்.)

வந்தவர்: சரி, இந்தத் தடவை என்ன சின்னம்?

பெரியவர்: சன்னம் இல்லை சார், மோட்டா. சி.ஆர். 1009.

வந்தவர்: மோட்டாரா? அது சுயேச்சைக்குக் கொடுக்கிற சின்னமாச்சே. நம்பர் வேறு சொல்கிறீர்கள். அவன் ஏதாவது கொடுத்தானா?

பெரியவர்: யார் சார் கொடுத்தார்கள்? நான்தான் கொடுத்தேன். போன தடவை ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் எண்ணி வைத்த பிறகுதான் போடவே விட்டார்கள்.

வந்தவர்: போடுவதற்கு நீங்கள் காசு கொடுத்தீர்களா?

பெரியவர்: கொடுக்காமல் எப்படிப் போடுவது?

வந்தவர்: ஐயா, நாங்கள்தானே உங்களுக்குக் கொடுக்க வேண்டும்!

பெரியவர்: (துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்) எப்போதிலிருந்து சார் இந்த நல்ல சட்டம்? ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லையே! சரி, நேரமாகிறது, அந்த மீட்டரை எடுங்கள். ஈரப்பதத்தைப் பார்த்துவிடலாம்.

வந்தவர்: என்ன மீட்டர்?

பெரியவர்: நீங்கள் கொள்முதலுக்குத்தானே வந்திருக்கிறீர்கள்?

வந்தவர்: நான் கட்சிக்காரன் ஐயா. பூத் கமிட்டி. வீட்டுக்கு வீடு ஓட்டு எண்ணிக்கொண்டு வருகிறேன்.

பெரியவர்: ஓ... வா தம்பி.

('சார்' அந்த இடத்தோடு சரி. அப்புறம் கடைசி வரை வரவில்லை.)

வந்தவர்: மன்னிக்க வேண்டும். நெல் மூட்டையையா சொன்னீர்கள்?

பெரியவர்: 40 கிலோ மூட்டை 210, எல்லாம் மோட்டா ரக நெல். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் கையில் இருக்கிறது. நெல்லுக்குத்தான் போக வழியில்லை. கொள்முதல் நிலையத்தில் போய்க் கேட்டால் சாக்கு இல்லை என்கிறார்கள். சாக்கு வந்தால் லாரி இல்லை, லாரி வந்தால் லோடுமேன் இல்லை. ஆகமொத்தம் சாக்குக்கு மட்டும் குறைவே இல்லை.

வந்தவர்: கவலைப்படாதீர்கள். ஈரப்பத வரம்பு 17 சதவீதத்தை 22 ஆக்கச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போயிருக்கிறது.

பெரியவர்: போகும். பதிலுக்கு ஒரு குழு வரும். குனிந்து ஆளுக்கு ஒரு பை நெல் அள்ளும், போட்டோ எடுக்கும், திரும்பிப் போய் ஆய்வு செய்யும். அந்த ஆணை வருவதற்குள் நெல் தானாகக் காய்ந்து 14-க்கு வந்துவிடும். இல்லை, முளைத்து நாற்றாகிவிடும். நாற்றானால் அப்படியே பறித்து நட்டுக்கொள்ளலாம், விதைச் செலவு மிச்சம்.

வந்தவர்: (சிரிக்கலாமா என்று யோசிக்கிறார்) அதெல்லாம் மேலிடத்து விஷயம் ஐயா. நீங்கள் ஓட்டை மட்டும் சொல்லுங்கள். 18 முடிந்தவர் எத்தனை பேர்?

பெரியவர்: நான்கு பேர். நாலும் நல்ல காய்ச்சல். இந்த ரோட்டில் நின்று நின்று ஈரப்பதம் 12 கூட இருக்காது. தைரியமாக எடுத்துக்கொள்.

வந்தவர்: ஐயா, ஓட்டுக்கு ஈரப்பதம் பார்ப்பதில்லை.

பெரியவர்: அதுதானே பார்த்தேன்! குஜராத்தில் கிர் காட்டுக்குள்ளே ஒரே ஒரு ஆளுக்காக ஒரு பூத் வைத்தார்களே, படித்திருக்கிறாயா? அதிகாரி, போலீஸ், மெஷின் எல்லாம் காடு தாண்டிப் போகிறது. ஒரு ஓட்டு! அன்றைக்கு ராத்திரி மெஷினுக்குக் கட்டிடம், கதவுக்குச் சீல், வாசலில் துப்பாக்கியோடு காவல், சுற்றிலும் கேமரா. ஒரு சொட்டு மழை அதன்மேல் விழுமா?

வந்தவர்: விழாது ஐயா, அது ஜனநாயகம்.

பெரியவர்: இது சோறு.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஒரு பஸ் நெல்லின் ஓரத்தை மிதித்துவிட்டுப் போகிறது. வந்தவரின் அட்டைமேல் ஒரு துளி விழுகிறது. அப்புறம் இன்னொன்று.)

வந்தவர்: சரி ஐயா, நான்கு என்று எழுதிக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய் மற்ற மூன்று பேரையும் பார்த்துவிட்டு...

பெரியவர்: வீட்டில் ஒருத்தரும் இல்லை. அந்தக் குவியலுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பது என் மகன். புளியமரத்தடியில் மருமகள். மாட்டை விரட்டிக்கொண்டிருக்கிறாள் பார், அதுதான் என் வீட்டுக்காரி. நாலு ஓட்டும் பன்னிரண்டு நாளாக ரோட்டில்தான் இருக்கிறது.

வந்தவர்: நல்லதாகப் போயிற்று, அலைச்சல் மிச்சம். இந்தத் தடவை யாருக்குப் போடுவதாக...

பெரியவர்: தம்பி, உன் தாளில் ஈரம் ஏறுகிறது. 17-ஐத் தாண்டினால் உங்கள் ஆட்கள் வாங்க மாட்டார்கள். முதலில் அந்தத் தார்ப்பாய் மூலையைப் பிடி. இழுத்துப் பிடி. அட, செருப்பைக் கழற்றிவிட்டு வாப்பா, நெல்!