வாட்டர் பிளாக் மாட்டுவதற்கு முன் கிராஃபிக்ஸ் கார்டைச் சோதிப்பது வீண்வேலை அன்று
"புதிய கிராஃபிக்ஸ் கார்டை அதன் சொந்த விசிறியோடு சோதிப்பது வீண், நேரே வாட்டர் பிளாக்கை மாட்டுங்கள், பழுது இருந்தால் அப்போது தெரிந்துவிடும்" என்று நண்பர் கூறியிருப்பது சரியன்று. (வாட்டர் பிளாக் என்பது விசிறிக்குப் பதிலாகக் கார்டின் மேல் பொருத்தி, உள்ளே ஓடும் நீரால் வெப்பத்தை அகற்றும் உலோகக் கட்டை.) பிளாக்கை மாட்டிய பிறகு திரை கறுத்துப்போனால், அது கார்டோடு வந்த பழுதா, சில்லிலிருந்து பிளாக்குக்கு வெப்பத்தைக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேடின் தடிமன் பிசகியதால் மெமரி சில்லுகள் பிளாக்கைத் தொடாமல் சூடேறியதா, அல்லது திருகுகளை ஒரு பக்கமாக இறுக்கியதன் விளைவா என்று பிரித்தறிவது மிகக் கடினம். தவிர, குளிர்விப்பானைக் கழற்றிய கார்டுக்கு வாரண்டி தர மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே முதலில் சில நாள்கள் கனமான விளையாட்டுகளை ஓட்டி, எல்லா டிஸ்ப்ளே போர்ட்டுகளையும் பார்த்து, கோர் (முதன்மைச் சில்லு), ஹாட்ஸ்பாட் (அதன் மிகச் சூடான புள்ளி), மெமரி ஆகியவற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வதே முறை. அறையின் வெப்பநிலையையும் உடன் எழுதிவைக்க வேண்டும். எங்கள் கொழிஞ்சாம்பாறையில் மார்கழிக் குளிரில் விசிறியோடு எடுத்த அளவை, பாலக்காட்டு வெயில் 40 பாகையைத் தொடும் நாளில் பிளாக்கோடு எடுத்த அளவுடன் ஒப்பிட்டால், வீண்பழி பிளாக்கின் மேல்தான் விழும். (பிளாக்கில் சூடேறிய நீரைக் காற்றால் ஆற்றும் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும், நீர் அறைக் காற்றைவிடக் குளிர்ந்துவிடாது; அதனால்தான் அறையின் வெப்பநிலை முக்கியம்.) விசிறியில் 80 பாகை காட்டினாலே கார்டு பழுது என்று நண்பர் சேர்த்திருப்பதும் தவறு, முழுச் சுமையில் பல கார்டுகளுக்கு அது இயல்பான அளவே.