சேதி சொல்லலைன்னு கோவப்படுற சொந்தங்களுக்கு

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் சைடு வாட்ஸ்அப் க்ரூப்ல ஓடுனது இங்க லிஸ்ட்ல இருக்கற பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேரே ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருப்பாங்க, அதனால முழுசா திரும்பச் சொல்லல. எங்க அத்தையப் பத்தி, அதான் என் மாமியாரப் பத்தி, இவரோட சித்தப்பா போட்டது இது: "அண்ணி கீழ விழுந்து ஆபரேஷன் ஆனதே ஸ்டேட்டஸ் பாத்துத்தான் தெரியுது, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அதையும் ஸ்டேட்டஸ்லயே பாத்துக்கணும் போல." அவ்ளோதான். அதுக்குக் கீழ வரிசையா கட்டைவிரல். நாலஞ்சு கும்புடு. ஒருத்தர் "காலம் மாறிப்போச்சு மாமா"ன்னு தத்துவம். நான் பதில் டைப் பண்ணேன், அழிச்சேன், திரும்ப டைப் பண்ணேன், இவ டைப் பண்றான்னு மேல வர்றதையே பாத்துட்டு அத்தனை பேரும் உக்காந்திருப்பாங்கன்னு தோணுச்சு, நெட்டை ஆஃப் பண்ணிட்டுப் போய் மாவாட்டுனேன்.

இப்ப கேக்குறேன். சொல்லலைன்னு கோவப்படுறீங்களே, நீங்க கேட்டீங்களா? நவம்பர்லேர்ந்து இப்ப வரைக்கும் "எப்படிம்மா இருக்கீங்க எல்லாரும்"னு ஒரு போன்? பொங்கலுக்கு வந்தது ஒரு கரும்புப் படம், அதுவும் எல்லாருக்கும் ஃபார்வர்டு ஆன கரும்பு.

சரி, சேதிதானே வேணும், வாங்கிக்கோங்க. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, சர்வீஸ்ல இருக்கற டீச்சரும் டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணியாகணும், ரிடையர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு ரெண்டு வருஷம் டைம், இல்லைன்னா வீட்டுக்குப் போன்னு. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப டெட்னு ஒண்ணே கிடையாது. தமிழ்நாட்டுல மொத டெட் நடந்ததே 2012லதான். இத்தன வருஷமா ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்களுக்குக் கையப் புடிச்சு 'அ' போடச் சொல்லிக் குடுத்தவ, இப்ப 150 மார்க் பரீட்சைக்கு பியாஜே, வைகாட்ஸ்கின்னு குழந்தை உளவியல் ஆளுங்க பேரையெல்லாம் ஃப்ரிட்ஜ் மேல சார்ட் ஒட்டி வச்சு சாம்பார் கிண்டிக்கிட்டே படிக்கிறேன். அதே ஃப்ரிட்ஜோட அந்தப் பக்கம் பொண்ணு ஒட்டி வச்ச ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அவ இந்த வருஷம் ப்ளஸ் டூ. ராத்திரி பத்தரைக்கு மேல நானும் அவளும் ஒரே மேசைல உக்காந்திருப்போம். எனக்குத் தப்பாப் போன கேள்வியப் பாத்துட்டு "என்னம்மா இது கூடத் தெரியல"ம்பா. அந்தத் திமிரு எனக்குப் புடிச்சிருந்துச்சு, அது வேற விஷயம்.

நவம்பர் 15 டெட் பேப்பர் ஒண்ணு. அதுக்கு முன்னாடியே நவம்பர் 4 எஸ்ஐஆர், அதான் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம், ஆரம்பிச்சாச்சு, நான் பிஎல்ஓ, வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஆயிரத்துக்குக் கிட்டக்க ஓட்டு உள்ள பாகம். வீடு வீடாப் போயி ரெண்டு காப்பி ஃபாரம் குடுக்கணும், திரும்பப் போயி வாங்கணும், 2002, 2005 லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கா, இல்லைன்னா அப்பா அம்மா பேரு எந்தப் பாகத்துல எந்த வரிசைல இருக்குன்னு தேடிக் குடுக்கணும், அப்புறம் ஆப்ல ஏத்தணும், சர்வர் சுத்தும். கல்யாணமாகி வேற ஜில்லாவுலேர்ந்து வந்த பொம்பளைங்க எல்லாம் "டீச்சர், எங்கப்பா எந்த ஸ்கூல்ல ஓட்டுப் போட்டாருன்னு எனக்கெப்படித் தெரியும்"னு என்கிட்ட சண்டை. டிசம்பர் 4ல முடிஞ்சுரும்னாங்க, அப்புறம் நீட்டி நீட்டி 14 வரைக்கும் கொண்டாந்தாங்க. இதுல "வாத்தியார் வேலைதானே, நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துர்லாமே"ன்னு சொல்றவங்கள நெனச்சா... சரி, அத விடுங்க, அது தனிப் பதிவு.

இதுக்கு நடுவுலதான் அத்தை கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்கிற எடத்துல வழுக்கி விழுந்தது. நான் ஃபாரம் கட்டோட தெருவுல நிக்கிறேன், எட்டாவது படிக்கிற பையன் பக்கத்து வீட்டுப் போன்லேர்ந்து கூப்பிடுறான், இவர் ஓசூர்ல ஷிஃப்ட்ல. இடது கால் வெளிப்பக்கமா திரும்பிக் கெடக்கு, குட்டையாத் தெரியுது, தூக்கப் போனா அலறுறாங்க. ஆம்புலன்ஸ்ல திருச்சி. இடுப்பு எலும்புல பந்து மாதிரி இருக்கற பாகம் கழுத்தோட முறிஞ்சிருக்கு, வயசுக்கு ஒட்டாது, அந்தப் பந்த எடுத்துட்டு மெட்டல்ல வைக்கணும், தள்ளிப்போட்டா படுக்கைப்புண்ணு, நெஞ்சுச்சளின்னு போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்னோட டீச்சர் இன்சூரன்ஸ்ல மாமியாருக்குக் கவர் கிடையாது. நகை பேங்க்குக்குப் போச்சு. இவர் சேலம் வழியா ராத்திரி பஸ்ஸப் புடிச்சு விடியக்காலைல நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாரு. இதுல எந்த நிமிஷத்துல நான் எண்பத்தாறு பேர் இருக்கற க்ரூப்ல "அன்புள்ள சொந்தங்களே"ன்னு ஆரம்பிச்சிருக்கணும்னு யாராவது குறிச்சுக் குடுத்தா நல்லாருக்கும்.

"ஸ்டேட்டஸ் போட மட்டும் நேரம் இருந்துச்சா?" இது வரும்னு தெரியும். ஆமா, இருந்துச்சு. அரை நிமிஷம். அத்தை மொத தடவையா வாக்கரப் புடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து, நான் போட்ட கோலத்தப் பாத்து "புள்ளி தப்பு"ன்னு சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு, போட்டோ எடுத்தேன், போட்டேன். போன் அரை நிமிஷத்துல முடியுமா? எப்ப விழுந்தாங்க, எப்படி விழுந்தாங்க, தரை ஈரமா இருந்துச்சா, நீ எங்க போயிருந்த, ஏன் தனியா விட்ட, எந்த ஆஸ்பத்திரி, ஏன் அந்த ஆஸ்பத்திரி, எங்க பக்கத்துல ஒரு புத்தூர்க் கட்டுப் போடுறவர் இருக்காரே, எவ்ளோ ஆச்சு, அவ்ளோவா? கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போனவன் மாதிரி ஒவ்வொரு ஜன்னலுக்கும் அதே கதைய முதல்லேர்ந்து சொல்லணும். இதுல "நீ எங்க போயிருந்த"தான் எல்லா ஜன்னல்லயும் தப்பாம வர்ற கேள்வி. இவர் எங்க போயிருந்தாருன்னு ஒருத்தர் கேக்கல பாத்தீங்களா.

அதான் எனக்கு எரியுது. க்ரூப்ல இவரும் இருக்காரு. பெத்த புள்ள அவர்தான். "டேய், உங்கம்மாவுக்கு இப்படி ஆயிருக்கு, சொல்லலியேடா"ன்னு அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல. ஏன்னா அவன் வேலையா இருப்பான், பாவம், ஓசூர்ல தனியாக் கெடக்கான். நான் மட்டும் திருச்சி ரேடியோ, காலைல ஒருதடவை சாயங்காலம் ஒருதடவை குடும்பச் செய்தி வாசிக்கணும். இந்த வேலைய எனக்கு யாரு போட்டுக் குடுத்தது? எந்த ஆர்டர்ல?

"பெரியவர், ஏதோ ஆதங்கத்துல சொல்லிட்டாரு, பெருசா எடுத்துக்காத" - இது எனக்கு இன்பாக்ஸ்ல வந்தது, சொன்னவங்க நல்லவங்க, அதனால பதில் சொல்றேன். ஆதங்கம் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லலாம். திட்டுறதுன்னா போன்ல திட்டலாம், நான் கேட்டுப்பேன், திட்டு வாங்குறது புதுசா என்ன. எண்பத்தாறு பேர் முன்னாடி வச்சு, பேரு சொல்லாம, யாருன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்றதுக்குப் பேரு ஆதங்கமா? அதுவும் நாங்க இருக்கற லால்குடிக்கும் சித்தப்பா வீட்டுக்கும் டவுன் பஸ் இருக்கு. படம் பாத்தீங்கள்ல, அத்தை வாக்கர்ல நிக்கிறாங்கன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அப்புறமாவது ஏறி வந்து பாத்திருக்கலாமே? மெசேஜ் போட்டு இன்னைக்கு நாலாவது நாள். இன்னும் வரல.

எங்கம்மாவோட பெரியம்மா ஒருத்தங்க, பூவாளூர் பெரியாயின்னு சொல்லுவோம். போனே இல்லாத காலம். தந்தி வந்தா பிரிக்கறதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சுருவாங்க, சாவுக்குத்தான் தந்தின்னு ஆகிப்போச்சு. எங்கப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்திருந்தப்ப யாரும் யாருக்கும் சொல்லல, பஸ் கண்டக்டர் ஒருத்தர் "வாத்தியார் ரெண்டு வாரமா பஸ்ல வரலியே"ன்னு பூவாளூர் ஸ்டாப்புல யார்கிட்டயோ சொல்லி, அது எப்படியோ பெரியாயி காதுக்குப் போயி, மறுநாள் காலைல கீழாநெல்லியோட வந்து எறங்கிருச்சு. வந்ததும் நேரா அடுப்படி. கத்திரிக்கா நறுக்கிக்கிட்டே எங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு உக்காரவச்சு நீ என்ன படிக்கிற, உனக்கு ஏன் கண்ணு உள்ள போயிருக்குன்னு அதுவே கேட்டுக் கேட்டு வீட்டு நெலவரம் பூரா தெரிஞ்சுக்குச்சு. ஏன் சொல்லலைன்னு எங்கம்மாவ ஒரு வார்த்தை கேக்கல. ஊருக்குப் போனதும் இத அத்தன பேர்கிட்டயும் மசாலா சேத்துச் சொல்லியிருக்கும், அதுல சந்தேகமே வேணாம், ஊர்வம்புல அத மிஞ்ச ஆளில்ல. ஆனா நாலு நாள் இருந்து எங்க வீட்டுத் துணியத் தொவச்சுப் போட்டுட்டுப் போயி பேசுச்சு. அப்படிப் பேசுறவங்க என்ன வேணா பேசிக்கட்டும், எனக்குக் கவலையே இல்ல.

"க்ரூப்ல ஒரு வரி போட்டிருந்தா இவ்ளோ பிரச்சனை இல்லையே." இதுதான் கொஞ்சம் நியாயமான கேள்வி, அதுக்கு பதில் இருக்கு, இவ்ளோ நாள் சொல்லாம இருந்தேன். சொல்லக்கூடாதுன்னு சொன்னதே அத்தைதான். ஸ்ட்ரெச்சர்ல வச்சு உள்ள தள்ளிட்டுப் போறப்ப என் கையப் புடிச்சு "யாருக்கும் சொல்லிராத, வரிசையா வந்து கட்டிலச் சுத்தி நின்னு உச்சு கொட்டுவாளுக"ன்னாங்க. அவங்களுக்குத் தெரியும். பக்கத்து பெட்ல இருந்த பாட்டியப் பாக்க வந்த ஒரு அம்மா, பாட்டி காதுக்குக் கேக்கற மாதிரியே "எங்க மாமியாரும் இப்படித்தான் விழுந்தாங்க, அப்புறம் எந்திரிக்கவே இல்ல"ன்னுட்டு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துச்சு. அந்தப் பாட்டி அன்னைக்கு பூரா பிசியோதெரபிக்காரப் பொண்ணத் திட்டித் தீத்துட்டாங்க, காலையே அசைக்க மாட்டேன்னு. எங்க அத்தை இதையெல்லாம் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நடக்க ஆரம்பிச்சப்புறம் நான் போட்டோ எடுக்கப் போனேன், "இப்ப போடு, நின்னுக்கிட்டு இருக்கறத பாக்கட்டும்"னாங்க. போட்டேன். இத நான் எப்படி க்ரூப்ல சொல்லுவேன், "உங்க அண்ணிக்கு உங்களப் பாக்கப் புடிக்கல"ன்னா?

இப்ப மட்டும் ஏன் எழுதுறன்னா, நேத்து அத்தைகிட்ட அந்த மெசேஜப் படிச்சுக் காமிச்சேன். "எழுது, நல்லா எழுது, நான் சொன்னேன்னு எழுது"ன்னாங்க. அதனால மாமியாரப் பத்தி மருமக பொதுவெளில எழுதலாமான்னு பாடம் எடுக்க வர்றவங்க அங்க போயிப் பேசிக்கோங்க.

எழுத வேணாம்னு நெனச்ச ஒண்ணும் இருக்கு, இவ்ளோ எழுதியாச்சு, அதையும் எழுதிர்றேன். எங்கம்மா தவறுனப்ப நான் அத்தன பேருக்கும் போன் பண்ணேன். ஒருத்தர் விடாம. அழுதுக்கிட்டே. சேதி ஒழுங்காச் சொல்லியாச்சு, நேரத்துக்குச் சொல்லியாச்சு, யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. இதே சித்தப்பா "முகூர்த்த நாளா இருக்கேம்மா, ஒரு விசேஷம் இருக்கு"ன்னு சொல்லிட்டாரு. காரியத்துக்கும் வரல. அதுக்கு நான் எந்த க்ரூப்லயும் எதுவும் போடல, எனக்கும் ஆதங்கம்னு ஒண்ணு வரும்னு யாருக்காவது தோணுச்சா? சம்பந்தி வீட்டுச் சாவுதானே, எதுக்குப் பெருசாப் போகணும்னு விட்டிருப்பாங்க. சேதி கெடச்சா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும், அதச் சொல்றேன், அவ்ளோதான்.

நாளைக்கே திரும்ப சேதி சொல்லலைன்னு வந்துறக் கூடாதுன்னு மிச்சத்தையும் இங்கயே போட்டுர்றேன். பொண்ணுக்கு மார்ச்ல பரிட்சை, அது முடியற வரைக்கும் "என்ன சேக்கப் போறீங்க, மெடிக்கலா இன்ஜினியரிங்கா"ன்னு அவகிட்ட யாரும் கேக்க வேணாம், கேட்டா அவ நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா, சமாளிக்கறது நான்தான். பையன் நல்லாருக்கான், அன்னைக்கு அவன் பதறாம பக்கத்து வீட்டுக்கு ஓடுனதுக்கு அவங்கப்பா சைக்கிள் வாங்கித் தந்திருக்காரு. எனக்கு அடுத்து எலெக்ஷன் ட்யூட்டி வரும். டெட் பத்திக் கேக்காதீங்க. இவர் திருச்சிப் பக்கம் வேலை தேடிக்கிட்டு இருக்காரு, யாருக்காவது தெரிஞ்சா இவருக்கே போன் பண்ணிச் சொல்லுங்க, எனக்கு வேணாம்.

அத்தையப் பாக்க வர்றவங்க தாராளமா வாங்க, இப்ப வந்தா அவங்களுக்கும் சந்தோஷம்தான். மதியம் தூங்குவாங்க, நாலு மணிக்கு மேல வாங்க. கீழ சம்மணம் போட்டு உக்காரக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதனால "வா அண்ணி, இப்படி தரைல உக்காருவோம்"னு யாரும் கூப்பிடாதீங்க. ஹார்லிக்ஸ் வேணாம், அவங்களுக்கு சுகர், ஏற்கனவே வந்த பாட்டில்லாம் ஷெல்ஃப்ல நிக்குது. கொய்யாக்கா வாங்கிட்டு வாங்க, ரொம்பப் பழுக்காததா.