'பெர்லின்' நிறுத்தம் பெர்லினில் இல்லை

பால்டிக் கப்பல் பயணத்தில் 'பெர்லின்' உள்ள திட்டத்தை எடுத்தால் இறங்கியதும் நகரைச் சுற்றலாம், அதற்காக எஸ்டோனியாவின் தலைநகரான தாலினை விட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை நம்பித் திட்டம் போடுவதால் சொல்கிறேன்.

பெர்லினுக்குக் கடல் கிடையாது. கப்பல் நிற்பது ஜெர்மனியின் பால்டிக் கரையில், ரோஸ்டாக் நகரைச் சேர்ந்த வார்னெமுண்டே துறைமுகத்தில். அங்கிருந்து பெர்லின் 200 கிலோமீட்டருக்கும் மேல். ரயிலோ பேருந்தோ, போக மட்டும் ஏறக்குறைய 3 மணி நேரம். காலை 8 மணிக்கு இறங்கினாலும் பிராண்டன்பர்க் வாயில் முன்னால் போய் நிற்க 11 ஆகிவிடும். தாலினிலோ, கப்பலிலிருந்து ஒரு இருபது நிமிடம் நடந்தாலே பழைய நகரின் 'தடித்த மார்கரெட்' கோபுரம் வந்துவிடும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பயணத் திட்டத்தில் 'பெர்லின்' என்ற பெயருக்குப் பக்கத்தில் வார்னெமுண்டே அல்லது ரோஸ்டாக் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். கூகுள் மேப்ஸில் அங்கிருந்து பெர்லினுக்கு வழி போடுங்கள். ஜெர்மன் ரயில்வே தளத்தில் அன்றைய ரயில் நேரமும் கிடைக்கும். கப்பல் நிற்கும் நேரத்தில் போக வர 6 மணி நேரத்தைக் கழித்துவிட்டு, மீதி போதுமா என்று பாருங்கள்.