ரிப்போர்ட்டில் தெரிந்தால்தான் நோயா?

பெரியம்மாவுக்கு மறதி முற்றியபோது ஸ்கேன் பார்த்து அல்சைமர் என்றார் டாக்டர். அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த உறவினர்கள் அன்றோடு மாறிவிட்டார்கள். சோறு ஊட்டினார்கள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதே குடும்பத்தில் சித்தி மகனுக்கு 20 வயதில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோய் வந்தது. எடுத்த பரிசோதனை எல்லாம் நார்மல். "நடிக்கிறான், வேலைக்குப் போகச் சோம்பல்" என்றார்கள்.

ஒருவருக்குக் காட்ட ஏதோ இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. அவ்வளவுதான்.

அல்சைமரில் மூளையில் படிகிற அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தை 1984இல் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வோங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அங்கிருந்து 40 வருட உழைப்பு. 2025 மே மாதம், அறிகுறி உள்ளவர்களுக்கு அந்தப் படிவு இருக்கிறதா என்று கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

மனநோயில் அப்படி நடக்காதா? ஒரு முறை நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிரமை, பயம், வலிப்பு என்று தவித்த 12 பெண்களைப் பற்றி 2007இல் நரம்பியல் டாக்டர் ஜோசப் டால்மாவ் குழு எழுதியது. பெரும்பாலோருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி. அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள், மூளை நரம்பணுக்கள் சேதி வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தையும் தாக்கியிருந்தன. கட்டியை எடுத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் பலர் தேறிவிடுகிறார்கள். இதற்கு முன் இப்படி எத்தனை பெண்களைப் பேய் பிடித்தவள் என்று கட்டிப்போட்டிருப்பார்கள்!

அதனால் திடீரென்று நடத்தை மாறி, கூடவே வலிப்பும் வந்தால் தயவுசெய்து உடனே நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

சித்தி மகன் தம்பிக்கும் அந்த எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. மனச்சிதைவை உறுதிசெய்யும் புரதப் பரிசோதனை இன்னும் வரவில்லை. தேடுவதும் லேசில்லை. ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின். மூளையிலிருந்து கசிவது துளியிலும் துளி. இறந்தவர் மூளையை ஆராய்ந்தாலோ, தெரிகிற மாற்றம் நோயால் வந்ததா, பல வருடம் சாப்பிட்ட மாத்திரையால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். ஆராய்ச்சிக்கு இன்னும் பணமும் பொறுமையும் வேண்டும். ஆனால் அது முடியும் வரை தம்பி மாதிரி ஆட்களைப் பொய்யர்களாக நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நார்மல் என்று வந்த அத்தனை ரிப்போர்ட்டையும் அவன் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறான். புதிய டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதைக் கையோடு எடுத்துப் போகிறான்.