எதற்கும் இருக்கட்டும் என்று பயாலஜியைச் சேர்க்காதீர்கள்

பத்தாவது ரிசல்ட் வந்ததிலிருந்து பெங்களூரில் எங்கள் ராமமூர்த்தி நகர்ப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கோடு பயாலஜி சேர்கிற பிசிஎம்பியா, கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிற பிசிஎம்சியா? ஊரிலிருந்து போன் பண்ணும் தாத்தா பாட்டிக்கு இந்த எழுத்துகள் பிடிபடாது. "ஃபர்ஸ்ட் குரூப்தானே?" என்பார்கள். ஆமாம் என்றால் நிம்மதி. அறிவியல் பாடம் கூடக்கூடப் பிள்ளை கெட்டிக்காரன் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போய்விட்டது. பி.யு.சி. (இங்கே பதினொன்று, பன்னிரண்டுக்குப் பெயர்) பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஃபார்ம் நிரப்புகிற நேரம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கணக்கை விடாதீர்கள். பயாலஜியைப் பிள்ளை ஆசைப்பட்டால் மட்டும் எடுங்கள்.

பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கர்நாடக பி.யு.சி.யில் இரண்டு மொழி, நான்கு பாடம். சயின்ஸ் என்றால் பெரும்பாலும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூன்றும் வந்துவிடும். நான்காவதாக பயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரானிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஏதாவது ஒன்று. கடைசி இரண்டும் எல்லாக் காலேஜிலும் கிடைக்காது. சிபிஎஸ்இயில் ஆங்கிலத்தோடு நான்கு பாடம் போதும். பள்ளியில் இருந்தால் எகனாமிக்ஸோ சைக்காலஜியோ நான்காவதாக வரலாம். ஆக, நம் தலையைக் குடைவது இந்த நான்காவது பாடம்தான்.

"ரெண்டு பக்கமும் வாய்ப்பு இருக்கும்ல அக்கா, எதுக்கும் இருக்கட்டுமே" என்று சொல்லித்தான் பிசிஎம்பி போடுகிறார்கள். இன்ஜினியரிங் கிடைக்காவிட்டால் மெடிக்கல், மெடிக்கல் கிடைக்காவிட்டால் இன்ஜினியரிங். பெற்ற மனதுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீட் மொத்தம் 720 மார்க். அதில் 360 பயாலஜி, சரிபாதி. வருடத்துக்கு 20 லட்சம் பேருக்கு மேல் எழுதுகிற தேர்வு அது. அந்தப் பாதியை ஓரமாக வைத்துப் படித்துவிட்டு சீட்டு எதிர்பார்க்க முடியுமா? பி.யு.சி.யோடு நுழைவுத் தேர்வுக் கோச்சிங்கும் சேர்த்துக் கொடுக்கிற இன்டகிரேட்டட் காலேஜ்களைப் பாருங்கள். சேருகிற அன்றே இன்ஜினியரிங் நுழைவுக்கான ஜேஇஇ பேட்ச், மெடிக்கலுக்கான நீட் பேட்ச் என்று பிரித்துவிடுகிறார்கள். ஜேஇஇ பேட்ச்சில் உட்கார்ந்திருக்கும் பிசிஎம்பி பிள்ளைக்கு பயாலஜி என்பது போர்டு தேர்வில் பாஸ் பண்ண வேண்டிய ஒரு பாடம், அவ்வளவுதான். நீங்கள் திறந்து வைத்திருப்பதாக நினைக்கும் மெடிக்கல் வழியில் அந்தப் பிள்ளை நடக்கவே இல்லை.

அதற்குச் செலவாகிற நேரம் வேறு எங்கிருந்தோ வருவதில்லை. கர்நாடகத்தில் இன்ஜினியரிங் ரேங்க் போடும்போது பாதி வெயிட்டேஜ் மாநில நுழைவுத் தேர்வான சிஇடிக்கு, மீதிப் பாதி பன்னிரண்டாவதில் வாங்கிய பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மார்க்குக்கு. நான்காவது பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இந்த ரேங்க்கில் ஒரு புள்ளி ஏறாது. இன்ஜினியரிங்தான் என்று முடிவு செய்துவிட்ட வீட்டில், பயாலஜிக்காக இரவு ஒரு மணி வரை உட்காரும் பிள்ளை அந்த மூன்று பாடத்தின் நேரத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையனின் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவனுடைய பயாலஜி ரெக்கார்டு நோட்டு விரித்துக் கிடக்கிறது. வெங்காய வேர் நுனியில் செல் பிரிகிற படம். வரைந்துகொண்டிருந்தது அவனுடைய அம்மா. வேலையிலிருந்து வந்து முகம் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. பென்சிலைச் சீவிச் சீவி ஒவ்வொரு குரோமோசோமாக இழுத்துக்கொண்டிருக்கிறார். கோடு கொஞ்சம் நடுங்கினால் அழித்துவிட்டு மறுபடியும். பையன் உள்ளே ஜேஇஇ மாக் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தான். "அவனுக்கு நேரமில்லை டீச்சர்" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவனும் படிக்காத, அவனுக்கு எந்த ரேங்க்கிலும் உதவாத ஒரு பாடம் அந்த வீட்டில் இரண்டு பேருடைய இரவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தபிறகு இந்த விஷயத்தில் யாரிடமும் வழவழவென்று பேசுவதில்லை.

சரி, அப்படியென்றால் பிசிஎம்சிதானா? கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் சேர பி.யு.சி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று இந்த ஐடி ஊரிலேயே பலர் நம்புகிறார்கள். தேவையே இல்லை. பிடித்திருந்தால் எடுக்கட்டும்.

கணக்கு விஷயம் வேறு. டாக்டர்தான் என்று முடிவாகிவிட்டது, கணக்கு எதற்கு என்று சிபிஎஸ்இ பிள்ளைகள் சிலர் பதினொன்றிலேயே அதை விட்டுவிட்டு சைக்காலஜி எடுக்கிறார்கள். நீட்டுக்குக் கணக்கு தேவையில்லைதான். ஆனால் டாக்டர் சீட்டு கிடைக்காதபோதுதான் எத்தனை வழி அடைபட்டிருக்கிறது என்று தெரியும். இன்ஜினியரிங் அநேகமாகக் கிடையாது. பி.எஸ்சி. பிசிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் போவது கஷ்டம். நம் ஊரிலேயே இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) நான்கு வருட இளநிலைப் படிப்புக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூன்றும் முக்கியப் பாடங்களாக இருக்க வேண்டும். அங்கே போய் உயிரியலே படிக்க ஆசைப்பட்டாலும் அப்படித்தான். அறிவியல் ஆராய்ச்சிக்கான மத்திய அரசுக் கல்லூரிகளான ஐசர்களின் நுழைவுத் தேர்வில் 60 கேள்வி, கணக்கு உட்பட நான்கு பாடத்துக்கும் தலா 15; கணக்கை விட்டவருக்குக் கால் பங்கு கைவிட்டுப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்ட பயாலஜியைப் பிறகு பிடிக்கலாம். பன்னிரண்டு முடித்தபின் பயாலஜியைக் கூடுதல் பாடமாக அங்கீகாரம் பெற்ற போர்டில் எழுதித் தேறினவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்துவிட்டது. ஒரு வருடம் போகலாம், உழைப்பு வேண்டும், ஆனால் வழி இருக்கிறது. கணக்கு அப்படியில்லை. இரண்டு வருடம் தொடாமல் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு கால்குலஸைத் திரும்பத் தொடங்கிக் கொடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். கை மறந்துபோயிருக்கும், அதைவிட முக்கியமாகத் தைரியம் போயிருக்கும்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனைப் பாருங்கள். பரோடாவில் பிசிக்ஸ் பட்டம், அமெரிக்காவில் பிசிக்ஸிலேயே முனைவர் பட்டம். அதற்கு அப்புறம்தான் சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோம் பற்றிய ஆராய்ச்சிக்காக 2009இல் அவருக்குக் கிடைத்தது கெமிஸ்ட்ரி நோபல். எல்லோரும் நோபல் வாங்கப் போவதில்லை. பதினைந்து வயதில் ஒரு பாடத்தை எடுக்காததாலேயே அது வாழ்நாள் முழுக்கக் கைவிட்டுப் போய்விடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் பிசிஎம்பிக்கே எதிரி இல்லை. போன வருடம் ஒரு பெண் வந்தாள். டெரிவேட்டிவ் போட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி, பாக்டீரியா பெருகுவதை இப்படி எழுதலாமா டீச்சர் என்று கேட்டாள். ரெக்கார்டை அவளே வரைவாள், யாரும் தொடக்கூடாது. அப்பாவுக்கோ பிசிஎம்சிக்கு மாற்ற வேண்டும் என்று ஆசை, வேலை கிடைக்குமாம். "அண்ணா, அவளை விட்டுவிடுங்கள்" என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைய உயிரியல் முழுக்கக் கணக்கு. இங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் உயிரியல் ஆராய்ச்சி மையமான என்சிபிஎஸ்ஸில் பிசிக்ஸ், கணக்கு படித்தவர்களும் உயிரைப் பற்றித்தான் ஆராய்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நான்கு பாடமும் வேண்டும்.

இந்த வாரம் பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பி.யு.சி.யிலும் சிபிஎஸ்இயிலும் சயின்ஸுக்குப் பெரும்பாலும் என்சிஇஆர்டி புத்தகம்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பதினொன்றாம் வகுப்பு பயாலஜியில் செல் பற்றிய பாடத்தையும் கணக்கில் டிரிக்னாமெட்ரி பாடத்தையும் பிள்ளை கையில் கொடுங்கள். டெஸ்ட் வைக்காதீர்கள், பக்கத்தில் நிற்காதீர்கள். எதைத் தானாகத் திரும்ப எடுக்கிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் காலேஜ் ஆபீஸில் இரண்டு கேள்வி கேட்டு வாருங்கள்: வகுப்பு தொடங்கியபின் எந்தத் தேதி வரை பாடம் மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் கட்டிய பணம் என்ன ஆகும். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.